மூலமும் வழியும்: கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில் இரசிகர் ஆக்கங்களும் கெடாத் தமிழ்க் கல்வியும்

முன்னுரை

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுப்பது நன்னூல் மரபு. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுப்பது தொல்காப்பிய மரபியல். ஓலைச்சுவடிகளில் வாழ்ந்த நூல்களுக்கென எழுந்த இப்பகுப்பு, கணினித் திரையில் வாழும் ஒரு புதிய ஆக்க வகைக்கும் பொருந்துகின்றது. கணினி விளையாட்டுகளை விளையாடுவோரே அவற்றைத் திருத்தியும் விரித்தும் மொழிபெயர்த்தும் வெளியிடும் ஆக்கங்களை 'மோட்' என்பர். கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில் இம்மோட்கள் இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. அவற்றை மதிப்பிடத் தமிழ் நூன்மரபு தரும் அளவுகோல்களைச் சுட்டி, கெடா மாநிலத் தமிழ்க் கல்விக்கு அவற்றால் விளையக்கூடிய பயனையும் ஆராய்கின்றது.

கெடாவில் இவ்வாய்வுக்குத் தனித்தேவை உண்டு. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் முதலிய நகரங்களில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஓரிரு தலைமுறைக்கு முன்னர்ச் சுற்றியுள்ள இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்தவை. தோட்டத்துப் பிள்ளைகள் கூத்தும் கதையும் கேட்டு வளர்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் மாலைப்பொழுதில் கணினியும் கைப்பேசியும் பெரும்பங்கு கொள்கின்றன. கூத்தில் தமிழ் இருந்தது. இவ்விளையாட்டுகளில் பெரும்பாலும் தமிழ் இல்லை. எனினும் விளையாட்டு நிறுவனங்கள் கருதாது விட்ட மொழிகள் பல, மோட் செய்வோரின் உழைப்பால் அவற்றுள் இடம்பெற்றுள்ளன. தமிழும் அவ்வழியே நுழைய இயலும் என்பதும், அதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி தமிழாசிரியரிடமே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பாத்திர விளையாட்டும் மோட்டும்

பாத்திர விளையாட்டில் ஆடுவோர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கற்பனை நாடொன்றில் உலவுவர். ஊர்மக்களோடு உரையாடுவர், அவர்கள் இடும் பணிகளை ஏற்பர் அல்லது மறுப்பர், போரிடுவர், வணிகம் செய்வர். உரையாடலில் எவ்விடையைத் தெரிவு செய்கின்றனர் என்பதைப் பொறுத்துக் கதை கிளைக்கும். எனவே இதனைக் காட்சியும் ஒலியும் கலந்த ஒரு பெரும் பனுவலாகக் கொள்ளலாம். அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டில் பேசப்படும் உரையாடல் வரிகள் மட்டும் 60,000க்கும் மேற்பட்டவை. ஆடுவோர் எடுத்துப் படிக்கத்தக்க நூல்களும் அதனுள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இந்நிறுவனம் 2002இல் 'மோரோவிண்ட்' விளையாட்டை வெளியிட்டபோது, அதன் உலகை மாற்றியமைக்க உதவும் தொகுப்புக் கருவியையும் உடன் வழங்கியது. 2006இல் வந்த 'ஒப்ளிவியன்' விளையாட்டுக்கும் அத்தகைய கருவி கிடைத்தது. ஸ்கைரிமுக்கு 2012 பிப்ரவரியில் வெளியாயிற்று. இவ்விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆளும், வாளும், கதவும், உரையாடல் வரியும் தனி அடையாளமுடைய ஒரு பதிவாகச் சேமிக்கப்பட்டுள்ளன. மோட் கோப்பு மூலக் கோப்பைத் தொடுவதில்லை. மாற்ற விரும்பும் பதிவுகளையும் புதிய பதிவுகளையும் மட்டுமே அது தாங்கி நிற்கும். விளையாட்டு தொடங்கும்போது கணினி முதலில் மூலக் கோப்பையும், பின்னர் மோட் கோப்புகளை வரிசையாகவும் படிக்கும். ஒரே பதிவை இரு மோட்கள் மாற்றியிருப்பின், இறுதியாகப் படிக்கப்பட்டதே நிலைபெறும்.

சுவடி மரபோடு ஒப்பிட்டால் இவ்வமைப்பின் சிறப்பு விளங்கும். ஏடெழுதுவோர் சேர்த்த பாடல் மூலத்தோடு கலந்துவிடும். கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல்கள் என வழங்கும் இடைச்செருகல்களைப் பிரித்தறியப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டினைத் தமிழுலகம் அறியும். மோட் கோப்போ மூலத்தினின்றும் விலகியே நிற்பதால், யார் எதனைச் சேர்த்தார் என்பதைப் பதிவு பதிவாகக் காண முடியும். மூலத்தைச் சிதைக்காமல் அதன்மேல் உரை எழுதும் உரையாசிரியர் மரபுக்கு இது நெருக்கமானது.

மோட் வகைகளும் நூல் வகைகளும்

மோட்களை அவற்றின் நோக்கம் பற்றி நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, திருத்த மோட்கள். இவற்றின் பணி பதிப்பாசிரியர் பணியை ஒத்தது. 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' என்னும் விளையாட்டு 2004 நவம்பரில் பல பிழைகளோடு வெளிவந்தது. அதனை உருவாக்கிய டிரோய்கா நிறுவனம் 2005இல் மூடப்பட்டது. பிழைகளைக் களைய எவரும் இல்லாத நிலையில், வெர்னர் ஸ்பால் என்னும் செருமானிய வேதியியலார் இரசிகர் திருத்தத்தைப் பொறுப்பேற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து வெளியிட்டார். நிறுவனம் முடிக்காது கோப்புகளுள் விட்டிருந்த பகுதிகளையும் அவர் மீட்டார். ஆயினும், பிழை நீக்கத்தை மட்டும் கொண்ட அடிப்படைப் பதிப்பு ஒன்று, மீட்கப்பட்ட பகுதிகளும் சேர்ந்த விரிவுப் பதிப்பு மற்றொன்று என இரண்டாகப் பிரித்தே வழங்கினார். மூலபாடத்தையும் மிகைப்பாடல்களையும் வேறுபடுத்திக் காட்டும் பதிப்பு நெறி இதுவே. 1887இல் சீவகசிந்தாமணியைப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்தோர்க்கு, இப்பணியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, விரித்தல். மோரோவிண்ட் விளையாட்டில் ஆடுவோர் உலவக்கூடிய நிலம் பெரும்பாலும் ஒரு தீவேயாகும். அத்தீவுக்கு அப்பாலுள்ள பெருநிலத்தையும் அமைப்போம் என்று 2001இல் தொடங்கிய 'டாம்ரியல் ரீபில்ட்' குழு, தலைமுறை தலைமுறையாகத் தன்னார்வலரைச் சேர்த்துப் பகுதி பகுதியாக அந்நிலத்தை வெளியிட்டு வருகின்றது.

மூன்றாவது, மூலத்தின் கருவிகளை மட்டும் கொண்டு வேறு நூல் செய்தல். 'ஷூர் ஏஐ' என்னும் செருமானியக் குழு 2016இல் வெளியிட்ட 'எண்டெரால்' ஸ்கைரிமின் இயங்கு தளத்தில் அமைந்தது. அதன் நாடும் மக்களும் கதையும் முற்றிலும் புதியவை. ஆஸ்திரேலியர் ஒருவர் 2015இல் ஸ்கைரிமுக்கு இயற்றிய 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்னும் மோட், 2016இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் கழகத்தின் விருதைப் பெற்றது. 2021இல் உரோமானிய நகரம் ஒன்றைக் களமாகக் கொண்டு தனி விளையாட்டாகவே அது வெளிவந்தது. எழுத்தாளர் அமைப்பொன்று மோட் ஒன்றினை எழுத்துக்கலையாக ஏற்றுப் பரிசளித்தமை இலக்கிய ஆய்வாளர் கருதத்தக்கது.

நான்காவது, மொழிபெயர்த்தல். ஸ்கைரிம் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இத்தாலியம், இசுபானியம், சப்பானியம் முதலிய சில மொழிகளிலேயே அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அங்கேரியர், துருக்கியர், கொரியர் முதலியோர் தம் மொழிகளில் தாமே பெயர்த்துக் கொண்டனர்.

மேம்படுத்தலின் நெறி

மோட்களைச் சேர்ப்பதனால் மட்டும் விளையாட்டு மேம்படுவதில்லை. அழகிய மோட்கள் பலவற்றை ஒருங்கே ஏற்றி, விளையாட்டு இயங்காது நின்றுவிடக் காண்பது தொடக்கநிலையினரின் பொது அனுபவம். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் சில இங்கு அப்படியே பொருந்துகின்றன. ஒரு பதிவை இரு மோட்கள் வேறுவேறாக மாற்றுவது மாறுகொளக் கூறல். எளிய சிற்றூருக்குள் மாளிகைகளையும் மாயவாள்களையும் நிரப்புவது மிகைபடக் கூறல். மூலக்கதையின் போக்கை மறக்கச் செய்யும் கிளைப்பணிகளைக் குவிப்பது மற்றொன்று விரித்தல்.

இக்குற்றங்களைத் தவிர்க்கப் பட்டறிவுடையோர் சில வழிகளைப் பின்பற்றுவர். பிழைதிருத்த மோட்களையே முதலில் ஏற்றுதல். பிறவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தல். எது முன், எது பின் என்னும் வரிசையைச் சீர்செய்தல். ஆட்டத்தின் இடையில் மோட்டினை நீக்காதிருத்தல். சேமித்த ஆட்டத்திற்கும் கோப்புகளுக்கும் படி எடுத்து வைத்தல் என்பன அவை. ஆட்டத்தின் இடையில் நீக்கினால், சேமித்த கோப்பினுள் அம்மோட்டின் எச்சங்கள் தங்கிப் பழுது விளைவிக்கும். நிறுவனம் மூல விளையாட்டைப் புதுப்பிக்கும்போதும் இடர்ப்பாடு நேரும். 2021 நவம்பரில் ஸ்கைரிம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் உள்ளியக்கத்தைச் சார்ந்திருந்த மோட்கள் பல செயலிழந்தன. அவற்றை ஆக்கியோர் மீண்டும் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு மோட்டுடனும் ஒரு விளக்கக் குறிப்பு வரும். ஆக்கியோர் யார், எந்த விளையாட்டை அல்லது எந்த மோட்டினை அடியொற்றியது, பெயர் என்ன, எதனை மாற்றுகின்றது, யார்க்கு உரியது, என்ன பயன் என்பன அதில் இருத்தல் வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் எனச் சிறப்புப்பாயிரத்திற்கு நன்னூல் கூறும் எட்டினோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. இவ்வெட்டனுள் 'வழி' என்பது இங்கு அறத்தின்பாற்பட்டது. பிறர் ஆக்கத்தை இசைவின்றி எடுத்தாள்வதும், மூல ஆசிரியர் பெயரை மறைப்பதும் மோட் உலகில் பெருங்குற்றமாகக் கருதப்படுகின்றன. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது, பிறர் ஆக்கங்கள் கலந்த மோட்டின் வருவாய் யாருடையது என்பதும் கடும் பூசலாயிற்று. சில நாள்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

தமிழ் எழுத்தும் புணர்ச்சியும்

தமிழ் இவ்விளையாட்டுகளுள் நுழைவதற்கு இரு தடைகள் உள்ளன. ஒன்று எழுத்தைச் சார்ந்தது. மற்றொன்று இலக்கணத்தைச் சார்ந்தது.

பழைய விளையாட்டுகள் பலவற்றின் எழுத்துருக் கோப்பில், ஓர் எண்ணுக்கு ஓர் வடிவம் என்ற முறையே உண்டு. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறி ககரமெய்யேறிய எழுத்தாகவும் ஒகரக் குறியாகவும் சேமிக்கின்றது. அக்குறியின் ஒரு பகுதி ககரத்தின் முன்னும் மற்றொரு பகுதி பின்னும் அமைதல் வேண்டும். இவ்வாறு ஒழுங்குசெய்யும் நிரல் விளையாட்டினுள் இல்லாவிடின் எழுத்து உடைந்து தோன்றும். இத்தகைய சிக்கல் தமிழ்க் கணிமைக்குப் புதியதன்று. 1980களிலேயே மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செயலியை உருவாக்கினார். ஒருங்குறி பரவுமுன் வழங்கிய எண்பிட்டுத் தமிழ்க் குறியேற்றங்களில், கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துக் கூறுகளைச் சேமிக்கும் வழக்கம் இருந்தது. ஒழுங்குசெய்யும் நிரலற்ற விளையாட்டுக்கு இப்பழைய உத்தி இன்றும் உதவும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' குறியேற்றத்தை 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு தரமாக அறிவித்தது. அம்முறையில் கிரந்த எழுத்துகளையும் கூட்டி ஏறத்தாழ முந்நூறு வடிவங்கள் போதும். ஆயிரக்கணக்கான சப்பானிய எழுத்து வடிவங்களைத் தாங்கும் விளையாட்டுக்கு முந்நூறு சுமையாகாது.

இரண்டாம் தடையைத் தீர்க்கக் கணினியறிவினும் இலக்கண அறிவே மிகுதியாக வேண்டும். விளையாட்டுகளில் பெயருக்கு வெற்றிடம் விட்டு அமைத்த தொடர்கள் மிகுதி. ஆடுவோர் எடுக்கும் பொருளின் பெயர் அவ்விடத்தில் தானே வந்து அமரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் வடிவு மாறாது. தமிழிலோ வாள் 'வாளை' ஆகும். வில் 'வில்லை' ஆகும். பூ 'பூவை' ஆகும். மரம் 'மரத்தை' ஆகும். ஓடு 'ஓட்டை' ஆகும். ஒற்றிரட்டலும் உடம்படுமெய்யும் அத்துச் சாரியையும் குற்றியலுகரப் புணர்ச்சியும் ஒரே வெற்றிடத்தில் வந்து நிற்கின்றன. வேற்றுமை உருபைத் தொடரில் எழுதிவைத்துவிட்டால் 'மரம்ஐ' போன்ற பிழை வடிவங்கள் தோன்றும். ஒவ்வொரு பொருளுக்கும் எழுவாய் வடிவையும் செயப்படுபொருள் வடிவையும் தனித்தனியே தருதல் ஒரு தீர்வு. 'எடுத்த பொருள்: மரம்' எனத் தொடரையே எழுவாய் வடிவுக்கு ஏற்ப மாற்றுதல் எளிய தீர்வு. ஆடுவோரின் பாத்திரம் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப வந்தான், வந்தாள் என வினைமுற்றும் மாறும். ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல்லுக்கு நீ, நீங்கள், தாங்கள் என்பவற்றுள் எது பொருந்தும் என்பதைப் பேசுவோர் உறவே தீர்மானிக்கும். புணரியலை நூற்பா மனனமாக மட்டும் அறிந்த மாணவர்க்கு, அதன் நடைமுறைத் தேவையை உணர்த்த இதனினும் பொருத்தமான பயிற்சி அரிது.

கடாரம்: வெல்லப்படும் ஊரும் வாழ்ந்த ஊரும்

கெடாவோடு நேர்த்தொடர்புடைய எடுத்துக்காட்டு பாத்திர விளையாட்டுக்கு அண்டை வகையான வியூக விளையாட்டில் கிடைக்கின்றது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்பது 1999இல் வெளிவந்தது. அதன் இரசிகர்கள் இயற்றிய மோட் ஒன்று 2013இல் 'தி ஃபர்காட்டன்' என்னும் அதிகாரபூர்வ விரிவாக்கமாயிற்று. அவ்விரசிகர் குழுவிலிருந்து வளர்ந்த நிறுவனமே பின்னர் வந்த விரிவாக்கங்களிலும் பணியாற்றியது. 2016இல் மலாயரையும், 2022இல் திராவிடரையும் அவ்விளையாட்டு பெற்றது. 2022ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் முதலாம் இராசேந்திர சோழனைத் தலைவனாகக் கொண்ட தொடர் ஒன்றும் இடம்பெற்றது. வழிநூல் செய்தோர் முதல்நூலின் ஆசிரியர் குழுவில் ஒருவராகி, எவ்வினத்தார் வரலாறு இடம்பெற வேண்டும் என்பதிலும் பங்குகொண்டனர் என்பது இதனால் தெளிவாகும்.

ஆயினும் வியூக விளையாட்டில் வெற்றியே இலக்கு. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைக் கொண்டு மட்டும் கடாரத்தைக் காண்போர்க்கு, அது வெல்லப்படுதற்குரிய துறைமுகமாகவே தோன்றும். தமிழ்ச் சான்றுகளோ இதனினும் விரிவானவை. பட்டினப்பாலை சுட்டும் காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என உரைத்தார். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் அடித்தளங்களும், சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து கண்ட இரும்பு உருக்கும் உலைகளின் எச்சங்களும், ஊதுகுழாய்களும் அங்கு வணிகரும் தொழில்வினைஞரும் வாழ்ந்தமையைக் காட்டுகின்றன. வென்றவர் பார்வையிலிருந்து வாழ்ந்தவர் பார்வைக்கு மாறுவதற்குப் பாத்திர விளையாட்டே ஏற்ற வடிவம். அதில் ஆடுவோர் படைத்தலைவராக இருக்க வேண்டுவதில்லை. உலைக்களத் தொழிலாளியாகவோ நாகப்பட்டினத்து வணிகராகவோ இருக்கலாம்.

கற்பனைக்கும் கெடாவில் வளம் உண்டு. 'ஹிகாயத் மரோங் மகாவங்சா' என்னும் மலாய் நூலில் கப்பற்படையைத் தாக்கும் கருடனும், கோரைப்பல் முளைத்த அரசனாகிய ராஜா பெர்சியோங்கும் வருகின்றனர். அண்மைக்கால வரலாற்றிலும் வளம் உண்டு. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியது. 1947இல் அது காவல்துறையோடு மோத நேர்ந்தது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்வதா, விலகி நிற்பதா என்னும் தெரிவும், அதன் விளைவைக் குடும்பம் தாங்குவதும் கிளைக்கதைக்கு இயல்பாகப் பொருந்துவன.

இங்கு இழப்புக்குரியது மொழியும் ஆகும். லயம், பிரட்டு, கிராணி, தண்டல், மங்கு, பால்மரம் முதலிய தோட்டச் சொற்கள் தோட்டங்களில் ஆள் குறையக் குறைய வழக்கிழக்கின்றன. அகராதியில் ஏறிய சொல்லுக்குப் பொருள் கிடைக்கும். யார் யாரிடம் எக்குரலில் அதனைச் சொன்னார் என்பது உரையாடலில்தான் கிடைக்கும். கிராணியிடம் தொழிலாளி பேசுவதும் தொழிலாளியிடம் கிராணி பேசுவதும் ஒன்றல்ல. பாத்திர விளையாட்டுக்கு உரையாடல் எழுதும் மாணவர், அவ்வேறுபாட்டைத் தம் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்தே எழுத இயலும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

அறுபதாயிரம் வரிகளைத் தமிழாக்குதல் ஒரு பள்ளியால் ஆகாது. சிறியதில் தொடங்குதலே முறை. முதற்படியாக, கணினியே இல்லாமல், ஒரு பணியையும் அதன் மூன்று கிளைகளையும் தாளில் உரையாடலாக எழுதச் செய்யலாம். இரண்டாம் படியாக, மாணவர் அறிந்த விளையாட்டொன்றின் பொருட்பெயர்கள் ஐம்பதைத் தமிழாக்கி, அவற்றின் வேற்றுமை வடிவங்களை அட்டவணைப்படுத்தலாம். மூன்றாம் படியாக, திறந்த மூல விளையாட்டொன்றினை எடுக்கலாம். 2003 முதல் வளர்ந்துவரும் 'தி பேட்டில் ஃபார் வெஸ்னோத்' என்னும் கற்பனைப் போர் விளையாட்டின் மொழிபெயர்ப்புகள் தன்னார்வலரால் ஆனவை. தொடர்கள் தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருப்பதால் நிரல் எழுதத் தெரியாதவரும் அதில் பங்குகொள்ளலாம். வணிக விளையாட்டாயின் அதன் உரிம விதிகளைப் படித்த பின்னரே தொடங்குதல் வேண்டும். ஒவ்வோர் ஆக்கத்திற்கும் எட்டு உறுப்புகளும் அமைந்த பாயிரம் எழுதச் செய்தல் நன்று. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்திற்குச் செல்லும் மாணவர் குழு, கண்ட பொருள்களை விளையாட்டுப் பொருள்களாக விவரித்து எழுதுவதும் பயனுடைய பயிற்சியாகும்.

முடிவுரை

சுங்கை பத்துப் பகுதியில் இருந்த 11ஆம் எண் சண்டி மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 இறுதியில் வெளியாகிப் பெருங்கவலையை எழுப்பியது. இடிந்த அடித்தளத்தை எந்த மோட்டும் மீட்டுத் தராது. ஆனால் ஓர் இடத்தில் உலவி, அங்குள்ளோரோடு பேசி, அதன் பெயர்களைத் தன் மொழியில் அறிந்த மாணவர், அவ்விடத்தை அயலிடமாகக் கருதார். பிளட்லைன்ஸ் விளையாட்டு கைவிடப்பட்டபோது அதனைப் பேணியவர் அதன் முதலாளியல்லர்; அதனை நேசித்த ஒரு வாசகர். தமிழ் நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே பிழைத்தன. பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதலையும் நூலாசிரியர்க்குரிய மதங்களுள் ஒன்றாக ஏற்ற மரபு நம்முடையது. அம்மரபைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர் கையிலுள்ள விளையாட்டையும் திருத்தத்தக்க, விரிக்கத்தக்க, தமிழாக்கத்தக்க ஒரு பனுவலாகக் காண்பாராயின், கெடாவின் வகுப்பறைகளிலிருந்து வழிநூல்கள் தோன்றுதல் கூடும்.